பத்தொன்பது பேர் தூங்கவில்லை

12 பிப்ரவரி 2041, செவ்வாய்

நேற்று ஒரு தப்பு செய்துவிட்டேன். சின்னத் தப்புதான், ஆனாலும் எழுதி வைக்கிறேன். இருபது பெண்களின் கைப்பட்டைகள் பதிவுசெய்த தூக்க நேரத்தை அட்டவணையில் ஏற்றும்போது வரிசையைத் தலைகீழாக ஒட்டிவிட்டேன். முதல் பெண்ணின் தூக்கம் இருபதாவது பெண்ணுக்குப் போய்விட்டது. இன்று காலை ஷெரின் வந்து சொன்ன பிறகுதான் தெரிந்தது.

"அக்கா, நான் மூணு மணி நேரம்தான் தூங்குனேன்னு போன்ல காட்டுது. நான் தூங்குன தூக்கத்துக்கு வார்டன் தண்ணி தெளிச்சுல்லா எழுப்புனாங்க!"

திருத்தப் பத்து நிமிடம் போதும். நான் ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டேன். என் மேல் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டால் ஒவ்வொரு எண்ணையும் இரண்டு தடவை பார்ப்பேன். அப்படிப் பார்த்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. அதைச் சொல்வதற்கு முன்னால் பின்னணியை எழுத வேண்டும். வேலைக் குறிப்பேட்டை முன்பின் தெரியாத ஒருவர் எடுத்துப் படித்தாலும் புரிய வேண்டும் என்று மாலை வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள்.

என் பெயர் ஜெர்லின். மாலையில் கோவில்பட்டியில் புள்ளியியல் டிப்ளமோ, இரண்டாம் வருடம். பகலில் ஊருக்கு வெளியே உள்ள பெண்கள் ஓட்டப் பயிற்சி விடுதியில் ஒரு கம்பெனி நடத்தும் ஆய்வுக்குத் தகவல் உதவியாளர். ஆய்வு சப்பாத்திக்கள்ளிப் பழத்திலிருந்து எடுத்த ஒரு சாற்றைப் பற்றியது. கம்பெனி அதற்கு 'அருணம்' என்று பெயர் வைத்திருக்கிறது. பெண்கள் 'கள்ளி' என்றுதான் சொல்கிறார்கள். தினம் காலை ஆறு மணிக்கு ஆளுக்கு ஒரு சின்ன பாட்டில். சீட்டுக் குலுக்கித் தேர்ந்த பத்துப் பேருக்கு உண்மையான சாறு, மற்றப் பத்துப் பேருக்கு அதே நிறத்தில் பீட்ரூட் தண்ணீர். யாருக்கு எது என்பது சென்னையில் இருக்கும் ஆய்வு மேலாளர் நல்லதம்பி சாருக்கு மட்டும்தான் தெரியும். எனக்கும் தெரியாது.

ஜனவரி 21ஆம் தேதி, முதல் நாள், சார் மைதானத்தில் பெண்களை உட்கார வைத்து விளக்கினார். "ஓடும்போது காலில் ஒரு கடுப்பு ஏறும்ல? அந்தக் கடுப்பைத் தின்னுட்டு, அதையே சக்தியாத் திருப்பிக் குடுக்கிற நுண்ணுயிர் ஒண்ணு இந்தப் பழச்சாற்றில் இருக்கு. வயிற்றுக்குள் போய்க் குடியிருக்கும். நல்லது மட்டும்தான் பண்ணும். மூணு வாரம் குடிக்காம விட்டா தானா போயிரும்."

ஷெரின் கையைத் தூக்கினாள். "சார், அது எப்போ தூங்கும்?"

எல்லோரும் சிரித்தோம். சாரும் சிரித்தார்.

கண்ணில் பட்டது இதுதான். ஜனவரி கடைசி வாரத்திலிருந்து பெண்கள் நான்கு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்குகிறார்கள். இருபதில் பத்தொன்பது பேர். மிஞ்சியவள் ஷெரின். சாறுதான் காரணம் என்றால் பத்துப் பேர் தூங்காமல் இருக்க வேண்டும். சாறு காரணமில்லை என்றால் ஆய்வின் முதல் இரண்டு மூன்று நாள் போல எல்லோரும் தூங்கியிருக்க வேண்டும். பத்தொன்பது எந்தக் கணக்கிலும் அடங்கவில்லை.

சாருக்குப் போன் செய்தேன்.

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி தூங்கலைன்னா என்னம்மா அர்த்தம்? சாறு காரணம் இல்லைன்னு அர்த்தம். மார்ச் ரெண்டாம் தேதி மாநிலத் தேர்வு வருது, பிள்ளைங்களுக்குப் பதற்றம். இதை அப்படியே அறிக்கையில் எழுதிரு. பக்கவிளைவு இல்லைன்னு நிரூபிக்க இதைவிட நல்ல எண் கிடைக்காது."

சரி சார் என்றேன். போனை வைத்த பிறகுதான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வந்தது. ஷெரினுக்குப் பதற்றம் இல்லையா?

மாலை வகுப்பில் என் வலது கால் தானாக ஆடிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் காஜா. பகலில் கடலைமிட்டாய் ஆலையில் பாகு இயந்திரம் பார்ப்பவன். "இது பெஞ்சா, விளாத்திகுளம் டவுன் பஸ்ஸா? எழுத்து ஆடுது, கொஞ்சம் நிப்பாட்டுங்க" என்றான். காலைத் தரையோடு அழுத்திப் பிடித்தேன். இடது கால் ஆரம்பித்தது.

14 பிப்ரவரி, வியாழன்

காலை மைதானம். முன்பெல்லாம் ஓடி முடித்ததும் புல்லில் விழுந்து கிடப்பார்கள். இப்போது யாரும் உட்காருவதில்லை. வட்டமாக நடந்துகொண்டே பேசுகிறார்கள், நடந்துகொண்டே தலை பின்னிக்கொள்கிறார்கள். யாரிடமாவது ஒரு நிமிடம் நில் என்றால் நிற்கிறாள், ஆனால் குதிகால் எழும்பி எழும்பி இறங்குகிறது. கோச்சுக்கு ஒரே சந்தோஷம். எல்லோருடைய ஓட்ட நேரமும் குறைந்திருக்கிறது. ஷெரினுடையது மட்டும் அப்படியே நிற்கிறது.

அதிகம் குறைத்தது பொன்னிஷா. விளாத்திகுளம் பக்கத்துப் பெண், எண்ணூறு மீட்டர் ஓடுகிறவள். ஜனவரியில் இரண்டு நிமிடம் பதினான்கு விநாடி. இன்று இரண்டு நிமிடம் எட்டு. இருபது வயதுக்கு உட்பட்டோர் பிரிவில் அவளுக்கு இதுதான் கடைசி வருடம். மார்ச் 2ஆம் தேதி மாநில அணியில் இடம் கிடைத்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலைக்கு மனுப் போடலாம். கிடைக்காவிட்டால் ஊருக்குப் போய் மிளகாய்க் கிட்டங்கியில் காம்பு கிள்ளும் வேலை, அல்லது கல்யாணம். இரண்டையும் அவளே ஒரே மூச்சில் சொன்னாள், சிரித்துக்கொண்டே.

பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கும்போது கேட்டாள்: "அக்கா, கையில கட்டியிருக்க பட்டையில என் இடது காலைப் பத்தி ஏதும் தெரியுமா?"

"ஏன் கேக்க?"

"சும்மாதான்."

சும்மா கேட்கிறவள் இல்லை. மதியம் பார்த்தேன். ஒவ்வொரு அடிக்கும் இடது பாதம் தரையில் நிற்கும் நேரம் குறைந்துகொண்டே வருகிறது. நெருப்பில் கால் வைத்து எடுப்பது போல. பத்து நாளாகவே இப்படி. என் அட்டவணையில் அந்தப் பத்தி இருக்கிறது. தினம் நிரப்புகிறேன். ஒரு நாள்கூட வாசிக்கவில்லை.

16 பிப்ரவரி, சனி

ஷெரினை மற்றவர்களிடமிருந்து எது பிரிக்கிறது என்று பட்டியல் போட்டேன். அறை, கட்டில், குளிக்கும் நேரம், காலணி, கைப்பட்டையின் எண். ஒன்றும் பிரிக்கவில்லை. மதியம் மெஸ்ஸில் அவளுக்கு எதிரே உட்கார்ந்தேன். கடைசிச் சோற்றுக்கு எல்லோரும் தயிர் வாங்கினார்கள். ஷெரின் தட்டை மூடிக்கொண்டாள்.

"வேண்டாமா?"

"அந்த வாடையே ஆகாதுக்கா. சின்னதுலருந்தே."

பக்கத்தில் ஒருத்தி, "இவ மனுசிக்குப் பிறக்கல, எருமைக்குப் பிறந்தவ. அதான் இந்தத் தூக்கம் தூங்குதா" என்றாள். ஷெரின் அவள் முதுகில் ஒன்று வைத்தாள். நான் என் தட்டைப் பார்த்தேன். என் தட்டிலும் தயிர். ஒரு மாதமாக மதியச் சாப்பாடு எனக்கு இங்கேதான்.

மெஸ்ஸில் சமைப்பது சண்முகத்தாய். எல்லோருக்கும் தாயக்கா. பாத்திரம் கழுவும் இடத்தில் அவளைப் பிடித்தேன்.

"அக்கா, தயிரு எங்க வாங்குறீங்க?"

"வாங்குறதா? நான் உறை ஊத்துறது. மண்பானையில. கடைத் தயிரு எல்லாம் சுட வச்சு அடைச்சு வருது, அதை வச்சு உறை ஊத்துனா பாலு பாலாவே நிக்கும்."

"உறை மோர் எங்கேருந்து வந்துச்சு?"

"பொங்கலுக்கு அஞ்சாறு நாள் அடைச்சுட்டுப் போனோம்லா, வந்து பாத்தா பானை பூத்துக் கிடந்துச்சு. உறை இல்ல. தெருவுல எல்லாரும் ஊருக்குப் போயிட்டாங்க. மிளகாக் காம்பு போடலாம்னு பாத்தேன். அப்புறம்…" நிறுத்தினாள். "அந்தக் கள்ளிச் சாறு மிச்சம் கொஞ்சம் ஊத்துனேன். புளிப்புதான? என்ன தப்பு? முத நாளு ரோஸ் கலர்ல தோஞ்சுச்சு பாரு, ரோஜாப்பூ மாதிரி. மறுநாளு வெள்ளையாயிட்டு. ஆனா தயிருன்னா தயிரு. கத்தி வச்சு அறுக்கலாம்."

அந்தத் தயிரிலிருந்து எடுத்த உறைதான் அடுத்த நாள் பாலுக்கு. அதிலிருந்து அதற்கு அடுத்த நாள். நுண்ணுயிர் ஒரு நாளும் பசித்திருக்கவில்லை. பீட்ரூட் தண்ணீர் குடித்த பெண்கள் மதியம் தயிரில் நிஜத்தைச் சாப்பிட்டிருக்கிறார்கள்.

"யாரு குடுத்தா அக்கா, அந்த மிச்சத்தை?"

"நானாத்தான் எடுத்தேன்" என்றாள், நான் கேட்டு முடிப்பதற்குள்.

"வெளியே யாருக்காவது உறை குடுத்தீங்களா?"

"உறை கேட்டு வந்தா இல்லைன்னு சொல்ல முடியுமா? எங்க தெருவுல பதினோரு வீட்டுக்குக் குடுத்திருக்கேன். எங்க வீட்டுலயும் அதுதான். எங்க வீட்டுக்காரரு தண்ணி லாரி ஓட்டுறாருல்ல, இப்பத் தூக்கமே வரல, ரெண்டு நடை கூடுதலா அடிக்கிறாரு." பாத்திரத்தைக் கவிழ்த்தாள். "போன வாரந்தான் கரண்ட் கம்பத்துல தேச்சுட்டு வந்தாரு. கண்ணு முழிச்சுதான் இருந்துச்சாம். ஆனா கம்பத்தைப் பாக்கலையாம்."

வகுப்பில் காஜாவிடம் பாதி சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. அவன் பயப்படவில்லை. "எனக்கு ஒரு கரண்டி உறை கொண்டாங்க. ரெண்டு ஷிப்ட் பாத்துட்டு வகுப்புக்கும் வந்துருவேன்" என்றான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

எனக்கு இன்னொன்று தோன்றுகிறது. இந்த ஒரு மாதமாக வகுப்பில் என் பயிற்சிகள்தான் முதலில் முடிகின்றன. அம்மாவிடம்கூடப் பெருமையாகச் சொன்னேன், எனக்கும் ஒழுங்கு வந்துவிட்டது என்று. இப்போது அது யாருடைய ஒழுங்கு என்று தெரியவில்லை. மிச்சமிருந்த கைப்பட்டை ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

17 பிப்ரவரி, ஞாயிறு

என் தூக்கம்: மூன்று மணி ஐம்பது நிமிடம்.

தாயக்கா சொன்னது பொருந்தவில்லை. பாட்டில்கள் சமையலறைக்கு வருவதே இல்லை. மைதானத்தில் குடித்து, மிச்சத்தை ப்ளீச்சிங் பவுடர் கரைத்த வாளியில் கொட்டி, பாட்டிலை எண்ணி, பதிவேட்டில் எழுத வேண்டும். பதிவேட்டில் ஒரு பத்தி: 'மிச்சம் கொட்டப்பட்டது, நேரில் பார்த்தவர் கையெழுத்து.' பார்ப்பவர் நான்.

ஜனவரி 21ஆம் தேதிப் பக்கத்தைத் திறந்தேன். இருபது வரிசை, இருபது கையெழுத்து, எல்லாம் என்னுடையது. ஒரே பேனா, ஒரே சாய்வு. ஒரே மூச்சில் போட்டது. அன்று இருபது கைகளுக்கும் பட்டை கட்டிக்கொண்டிருந்தேன். பாட்டில் கூடையை ஒரு பெண்ணிடம் கொடுத்து, கொட்டிவிட்டு வா என்றேன். அவள் வந்து கொட்டிட்டேன்க்கா என்றாள். நான் நேரில் பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டேன்.

அந்தப் பெண் பொன்னிஷா.

18 பிப்ரவரி, திங்கள்

பயிற்சி முடிந்து அவளைத் தனியாகக் கூப்பிட்டேன். மைதானத்து ஓரம் நடந்தோம். இரண்டு பேராலும் நிற்க முடியவில்லை.

"தாயக்கா தன் மேல போட்டுக்கிட்டாங்க. இது வெளியே வந்தா அவங்க வேலை போயிரும்" என்றேன்.

பத்தடி போனதும் சொன்னாள். "நாந்தாங்க்கா. எங்க ஊர்ல பழச்சாறு வச்சு உறை ஊத்துவோம்னு பொய் சொல்லிக் குடுத்தேன். அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

"எது நிஜப் பாட்டில்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரிய வேண்டாமே. இருபதுல பத்து நிஜம். எல்லாப் பாட்டில்லயும் அடியில மண்டி கிடக்கு. அத்தனையும் ஒரே செம்புல ஊத்துனா நிஜம் உள்ள வந்துதான ஆகணும்? உசுருள்ளது பால்ல வளரும். பீட்ரூட்டு என்ன செய்யும், கலரு குடுத்துட்டுப் போயிரும்."

இரண்டு வருடமாகப் புள்ளியியல் படிக்கிறேன். எனக்கு இது தோன்றியிருக்காது.

"ஏன் செஞ்ச?"

"சீட்டுக் குலுக்குனாங்கள்ல. நீங்கதானக்கா டப்பாவைப் பிடிச்சுக்கிட்டு நின்னீங்க." குரலில் கோபம் இல்லை. "மதுரைப் பக்கம் ஒரு விடுதியில இதே சாறு குடிச்சுப் பத்துப் பேரு சடார்னு மேல போயிட்டாளுவ. மத்தப் பத்துப் பேரு யாருன்னே தெரியாமப் போயிட்டாளுவ. மார்ச் ரெண்டாம் தேதி நாங்க இருபது பேரும் ஒரே கோட்டுல நிக்கப் போறோம். அஞ்சு வருஷமா நான் ஓடுன ஓட்டம் ஒரு துண்டுச் சீட்டுல போகணுமா? நான் எனக்கு மட்டும் எடுத்துக்கலக்கா. எல்லாருக்கும் சேத்துத்தான் ஊத்துனேன்."

"ஷெரினுக்கு?"

கால் சுற்று நடந்தோம்.

"அவ தயிரு தொட மாட்டான்னு அப்போ நினைப்பு வரல. இப்போ அவதான் கடைசியா வாரா. அடுத்த மாசம் வீட்டுக்கு அனுப்பிருவேன்னு கோச் சொல்லிட்டாரு." பிறகு, வேறு எதையோ பேசுவது போல, "எனக்கு முழங்காலுக்குக் கீழ எலும்புல வலிக்குக்கா. ஒரு ரூபா அகலத்துக்கு. ஓடும்போது தெரியாது. உக்காந்தா தெரியும். அதான் உக்காருறதில்ல."

உடம்பு தூங்கும்போதுதான் எலும்பு தன்னைச் சரிசெய்துகொள்கிறது. இதை நான் நேற்று படித்தேன். அவளிடம் சொன்னேன். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடலாம் என்றேன்.

"எடுத்தா தெரிஞ்சுரும்லக்கா. தெரிஞ்சா கோச் ஓட விட மாட்டாரு. இன்னும் பன்னெண்டு நாள்தான். பன்னெண்டு நாளு தெரியாம இருந்துக்கிடுதேன்."

அவளைத் திட்ட வாய் எடுத்தேன். பதிவேட்டில் இருபது கையெழுத்துப் போட்டவள் நான் என்பது ஞாபகம் வந்தது. தயிரை நிறுத்து என்று மட்டும் சொன்னேன். நானும் நிறுத்திவிட்டேன். பகல் முழுவதும் கை எதையாவது தேடுகிறது. அட்டவணையை மூன்று தடவை சரிபார்த்தேன். தப்பு ஏதும் இல்லை. அது ஏமாற்றமாக இருந்தது.

20 பிப்ரவரி, புதன்

நேற்று முழுவதும் சாருக்கு அறிக்கை எழுதினேன். நான்கு பக்கம். தயிர், ஷெரின், தூக்கம், பொன்னிஷாவின் கால் (பெயர் போடாமல், பதினொன்றாம் எண் என்று), தண்ணி லாரி, பதினொரு வீடு. சாறு எப்படிச் சமையலறைக்குப் போனது என்ற இடத்தில், 'மிச்சத்தைக் கொட்டுவதை நான் பார்க்கவில்லை, பார்த்ததாகக் கையெழுத்திட்டேன்' என்று எழுதினேன். அது உண்மை. ஆனால் முழு உண்மை இல்லை. கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். மறுபடியும் அதேதான் வந்தது. இன்று காலை ஒன்பது மணிக்கு அனுப்பினேன்.

ஒன்பதரைக்குப் போன் வந்தது. வேலை போகும் என்று நினைத்துத்தான் எடுத்தேன்.

"ஜெர்லின், ஒண்ணு மட்டும் சொல்லு. பால்ல உயிரோட நின்னுச்சா? முப்பது நாளும்?"

"ஆமா சார். தினமும் பழைய தயிரிலேருந்து எடுத்து…"

"ரெண்டு வருஷமா சென்னையில் பால்ல போட்டுப் போட்டுப் பாக்குறோம்மா. மூணாவது நாள் செத்துரும். அந்தம்மா என்ன பானை வச்சிருக்காங்க? மண்பானையா? எங்க வைப்பாங்க, அடுப்புப் பக்கமா?"

கோபம் இல்லை. கல்யாண வீட்டுக் குரல்.

"சார், ஆய்வு கெட்டுப் போச்சு. யாருக்கு எதுன்னே…"

"கெடலைம்மா, இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கு. பாட்டில், குளிர்பெட்டி, விநியோகம், எதுவும் வேண்டாம். ஒரு கரண்டி குடுத்தா ஒரு தெரு. நாளைக்குப் பத்து மணிக்கு நானே வாரேன். பானையை யாரும் தொடாமப் பாத்துக்கோ. ஒரு கிண்ணம் எடுத்துத் தனியா ஃபிரிட்ஜ்ல வை."

"பிள்ளைங்களுக்குத் தூக்கம் இல்லையே, சார்."

"தூக்கத்தைக் கெடுக்கிற பொருள்னு ஏன் பாக்குற? தூக்கம் தேவைப்படாத உணவுன்னு பாரு. பள்ளிக்கூடம், ஆலை, லாரி கம்பெனி, எத்தனை பேர் கேப்பாங்க தெரியுமா?"

"பதினோராம் எண் கால்?"

"ஓடட்டும். தேர்வு வரைக்கும் யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம். ஓடின நேரம் எதுவும் ரத்தாகாது, கவலைப்படாதே. நல்லாப் பாத்திருக்கம்மா. கண்டுபிடிச்சவங்க பேரில் உன் பேரையும் போடுவோம்."

சரி சார் என்று சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தது இதுதான் முதல் தடவை. அதற்கு மேல் எதுவும் சொல்லவும் இல்லை. இருந்தாலும், போனை வைத்த பிறகு ஒரு நிமிடம் என் பெயர் அச்சில் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். அதையும் எழுதி வைக்கிறேன்.

மதியம் தாயக்காவையும் பொன்னிஷாவையும் சாமான் அறையில் உட்கார வைத்துச் சொன்னேன். தாயக்கா மூலையில் இருந்த தயிர்ப் பானையின் மூடியைத் திறந்து பார்த்தாள்.

"கள்ளிப்பால் ஊத்திப் பொம்பளப் பிள்ளையக் கொன்னாங்கன்னு கேட்டிருக்கேன். நான் கரண்டி கரண்டியா வீடு வீடாக் குடுத்திருக்கேன் பாரு" என்றாள். பிறகு, "கொதிக்க வச்சா அது சாகுமா?"

"சாகும்."

"அப்போ பானையை நான் பாத்துக்கிடுதேன். பதினோரு வீடு என்ன செய்ய? குடுத்த உறையத் திருப்பிக் கேட்ட வழக்கம் எங்கயாவது உண்டா? வீட்டு வாசல்ல போயி நின்னு, உங்க தயிரைக் கொட்டுங்கன்னு சொன்னா, எனக்குப் பொறாமைன்னு சொல்லுவாளுவ."

"நானும் வரேன்க்கா."

பொன்னிஷா இடது முழங்காலுக்குக் கீழே இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்து உட்கார்ந்திருந்தாள். அவள் உட்கார்ந்து நான் பார்த்துப் பல நாளாகிறது. முகம் வேர்த்திருந்தது.

ஒப்புதல் படிவத்தின் அடியில் நெறிமுறைக் குழுவின் முகவரி இருக்கிறது, அறிக்கையின் இன்னொரு பிரதியை அங்கே அனுப்பலாம் என்று சொன்னேன். அனுப்பினால் என்ன ஆகும் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். பிப்ரவரியில் ஓடிய நேரம் எல்லாம் ரத்து. நுண்ணுயிர் உள்ளே இருக்கும் யாரும் மார்ச் 2ஆம் தேதி ஓட முடியாது. அது போக மூன்று வாரம் ஆகும். அனுப்பாவிட்டால் எல்லோரும் ஓடலாம். நீ சொல், நான் செய்கிறேன் என்று சொல்ல வந்தேன். அது அவள் தலையில் வைக்கிற சுமை என்று தோன்றியது. "நான் அனுப்பப் போறேன் பொன்னிஷா" என்றேன். என் குரல் எனக்கே பழக்கமில்லாமல் இருந்தது.

அவள் என்னைப் பார்க்கவில்லை. "எல்லாருக்கும் கிடைக்கணும்னுதான் ஊத்துனேன். ஊரே தூங்காம நிக்கணும்னு ஊத்தல."

"தெரியும்."

"உங்களுக்கு என்னக்கா தெரியும்?" சட்டென்று சத்தம் ஏறியது. "உங்களுக்கு வகுப்பு இருக்கு, அடுத்த வருஷமும் இருக்கும். எனக்கு ரெண்டாம் தேதியோட முடிஞ்சுச்சு."

தாயக்கா அவள் தலையில் கை வைத்தாள். அவள் தட்டிவிட்டாள். வெளியே பெண்கள் நடந்துகொண்டிருக்கும் காலடிச் சத்தம் சுவர் வழியாக வந்துகொண்டே இருந்தது. ஒரு சுற்று, இன்னொரு சுற்று.

பிறகு அவளே கேட்டாள். "அப்போ யாருதான் ஓடலாம்?"

நான் அதுவரை அதை யோசிக்கவில்லை. கணக்கு நேராக இருந்தது. "ஷெரின். அவ மட்டும்தான் தயிர் சாப்பிடல. நிஜச் சாறும் அவளுக்கு வந்திருக்காது, வந்திருந்தா தூங்கியிருக்க மாட்டா."

பொன்னிஷா சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை, பாதியில் உடைந்தது. "அந்தத் தூங்குமூஞ்சி." மூக்கை உறிஞ்சினாள். "அவகிட்ட இருக்க ஸ்பைக்ஸ் ஷூவுல ஆணி எல்லாம் தேஞ்சு போச்சு. என்னோடது அவ காலுக்குச் சேரும்."

அறிக்கையோடு சேர்க்க, தான் செய்ததைத் தன் கையாலேயே ஒரு பக்கம் எழுதித் தருவதாகப் பொன்னிஷா சொன்னாள். ஆனால் எழுதும்போது யாரும் பக்கத்தில் நிற்கக் கூடாதாம். பேனாவையும் தாளையும் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். சன்னல் வழியாகப் பார்க்க வேண்டும் போல இருந்தது. பார்க்கவில்லை. அரை மணி நேரத்தில் மடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். நான்கு வரிதான். தாயக்காவுக்குத் தெரியாது என்பதை மட்டும் இரண்டு தடவை எழுதியிருக்கிறாள்.

இன்று வகுப்புக்குப் போகவில்லை.

நாளை, வியாழன்: ஐந்து மணிக்குத் தாயக்கா பானைத் தயிரைக் கொதிக்க வைத்துக் கொட்டும்போது நான் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும், பார்த்த பிறகு கையெழுத்துப் போட வேண்டும். ஆறரைக்குள் உறை வாங்கிய பதினொரு வீட்டில் தாயக்கா ஆறு, நான் ஐந்து. ஏழரை பஸ்ஸில் பொன்னிஷாவுடன் அரசு மருத்துவமனை, இடது கால் எக்ஸ்ரே. ஊருக்குள் தபால் நிலையம் திறந்ததும் நெறிமுறைக் குழுவுக்கான இரண்டாவது பிரதியைப் பதிவுத் தபாலில் சேர்க்க வேண்டும். சார் பத்து மணிக்கு வருகிறார்.